மூட்டைப்பூச்சி அண்டாத தொட்டில்

இன்று காலை அந்த வாடை மறுபடியும் வந்தது.

தங்கச் சுரங்கத்துச் சங்கு ஊதிவிட்டது. கல் பொறுக்கப் போகும் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பிள்ளைக் கொட்டாய் வாசலில் நின்றார்கள். நான் வழக்கம்போல ஒவ்வொரு பிள்ளையாக வாங்கி உள்ளே விட்டுக்கொண்டிருந்தேன். வரிசையின் கடைசியில் ஒருத்தி புதிதாகப் பச்சைப் பெயின்ட் அடித்த சாமான் ஒன்றைத் தலையில் சுமந்து வந்தாள். பெயின்ட் வாடைக்கு அடியிலிருந்து அது கிளம்பியது. தித்திப்பாக, எண்ணெய்ப் பிசுக்காக, கனிந்து அழுகின பழம் மாதிரி. என் நெற்றிப்பொட்டு இரண்டும் உடனே தெறிக்க ஆரம்பித்தன. உனக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. டைனமெட் வெடி வந்த காலிப் பெட்டி என்ன வாடை அடிக்கும் என்று இந்த ஆண்டர்சன்பேட்டையில் உன்னைவிட நன்றாகத் தெரிந்தவள் யார்?

சுமந்து வந்தவள் அஞ்சலை. ஆமாம், அதே அஞ்சலைதான். இடுப்பில் இன்றுதான் முதல் நாளாகக் கொட்டாய்க்கு வருகிற கைக்குழந்தை, தலையில் பெட்டி, முகம் நிறையச் சிரிப்பு. "அக்கா, இவனுக்கு நானே தொட்டில் கொண்ணாந்துட்டேன். மூட்டப்பூச்சி அண்டாதாம்" என்றாள். அவளை அறைந்துவிடுவேனோ என்று பயந்து என் கையை நானே பிடித்துக்கொண்டேன்.

இந்தக் கோபத்தை யாரிடம் கொட்டுவது என்று தெரியாமல்தான் உனக்கு எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோதே நீ எழுத்துக் கூட்டிப் படித்தவள் இல்லை. நான் எழுதுகிற கடுதாசியை எட்டிப் பார்த்து, "இன்னாடி, எறும்பு வரிசையா போற மாதிரி கீது" என்று கேலி செய்தவள். படிக்கமாட்டாய் என்று தெரிந்தும் எழுதுகிறேன். ஆறுதல் தேடி அல்ல. உன்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. அதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

நாம் இரண்டு பேரும் ஒரே நாளில்தான் இந்தக் கொட்டாய்க்கு வந்தோம். சுரங்கம் பெரிதாகிக்கொண்டே போயிற்று. மேலே கல் உடைக்கவும் பொறுக்கவும் பெண்கள் தேவைப்பட்டார்கள். பெண்கள் வந்தால் பிள்ளைகள் வராமல் இருக்குமா? ஒரு பிள்ளை தவழ்ந்து போய் கல் வண்டி வருகிற தண்டவாளத்தின் நடுவே உட்கார்ந்து மண்ணைத் தின்றுகொண்டிருந்ததாம். யாரோ ஓடிப் போய்த் தூக்கினார்கள். அதன் பிறகுதான் மூங்கில் தட்டி கட்டி, மேலே தகரம் போட்டு, பிள்ளைக் கொட்டாய் என்று ஒன்றை எழுப்பினார்கள். நீ குடியாத்தம் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவள். உன் வீட்டுக்காரருக்கு ஷாஃப்ட் குழிக்குள் இறங்கிப் பாறைத் துளையில் வெடிமருந்து திணிக்கிற வேலை. நான் மிஷன் பள்ளியில் நாலெழுத்து படித்தவள், புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள், பாதிரியார் சொல்லி அனுப்பி வந்தவள். என் ஜெபம் உனக்கு வேடிக்கை, உன் வேப்பிலை எனக்கு வேடிக்கை.

முதல் வாரம் முழுக்கச் சண்டைதான். பாலாடையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தால் போதும் என்றேன் நான். கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுக்காமல் பிள்ளை வாயில் வைக்கக் கூடாது என்றாய் நீ. பால் கொடுக்க ஓடி வருகிற தாய்மாரை வாசலிலேயே மறித்து, "கல்லுத் தூசியோட உள்ள வராத. கையக் கழுவு, மாரக் கழுவு, அப்பறம் புள்ளையத் தொடு" என்பாய். "இவ பெரிய டாக்டரம்மா" என்று அவர்கள் முணுமுணுப்பார்கள். "டாக்டரம்மா இல்லடி, வாந்தி அள்ளறவ. அள்ளி அள்ளி எனக்கு இடுப்பு போவுது" என்று நீ திருப்பிக் கொடுப்பாய். எனக்கு உன்னைப் பிடித்துப்போனது அந்த வாய்க்காகத்தான்.

தொட்டிலுக்கு என்ன செய்வது என்று கேட்டபோது கம்பெனி மேஸ்திரி இந்தப் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினான். டைனமெட் குச்சிகள் சீமையிலிருந்து அதில்தான் வரும். நன்றாக இழைத்த வெள்ளைப் பலகை, உள்ளே எண்ணெய்க் காகிதம். காலியானதும் மருந்துக் கிடங்குக்குப் பின்னால் கொண்டுபோய் எரித்துவிட வேண்டும் என்பது உத்தரவு. எரிக்கிற பொறுப்பு அவனுடையது. அவனோ எரிக்காமல் கூலிக்காரர்களின் லைன் வீடுகளுக்கு விற்றான். துணி வைக்கும் பெட்டி அதுதான், உட்காரும் பலகை அதுதான், அரிசிப் பானைக்கு மூடியும் அதுதான். எல்லார் வாயிலும் அதைப் பற்றி ஒரே பேச்சு, மூட்டைப்பூச்சி அண்டாதாம். இந்த லைன் வீடுகளில் மூட்டைப்பூச்சி படுத்துகிற பாடு உனக்குத் தெரியும். பழந்துணி விரித்து ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிள்ளையைப் படுக்கவைத்தபோது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. துரைகூட வந்து தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

பிள்ளைகள் அழுதன. பிள்ளைகள் அழும், அதில் என்ன அதிசயம் என்றுதான் முதலில் இருந்தோம். ஆனால் இது பசி அழுகை இல்லை. முகம் சிவந்து, கண்ணைச் சுருக்கி, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டி அழுகிற அழுகை. பால் தங்காது. பல் முளைக்கிறது என்றேன். கண்ணேறு என்றாய். மிளகாய் சுற்றிப் போட்டாய், நான் முழங்காலில் நின்றேன். இரண்டுக்கும் அழுகை அடங்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமையை நான் மறக்கமாட்டேன். கொட்டாய் முழுக்க வாந்தி. எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஞாயித்துக்கெழம ஊட்ல கண்டதயும் துன்னக் குடுத்துட்டு, திங்கக்கெழம நம்ம உயிர வாங்கறாளுங்க. வாரா வாரம் இதே கூத்து" என்று கத்தினேன். நீ ஒரு குழந்தையின் உச்சிக்குழியில் உள்ளங்கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாய். சட்டென்று என் பக்கம் திரும்பினாய்.

"இன்னா சொன்ன? திங்கக்கெழமயா?"

"ஆமா. மத்த நாள்ல இவ்ளோ இல்லியே. புதன், வியாயன் ஆனா கொஞ்சம் அடங்கிடுதுங்க."

"எங்க ஊட்டுக்காரருக்கும் திங்கக்கெழமதாண்டி தல வெடிக்குது."

அதற்குப் பிறகு நீ சொன்னது எனக்குப் புதிது. ஷாஃப்டுக்குள் மருந்து வைக்கிற ஆட்களுக்கெல்லாம் அந்தத் தலைவலி உண்டாம். குச்சியைத் தொட்ட கையால் நெற்றியைத் துடைத்தால் போதும், மண்டை பிளக்கும். இரண்டு மூன்று நாளில் உடம்பு பழகிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை ஓய்ந்துவிட்டு மறுநாள் இறங்கினால் பழையபடி பிளக்கும். அதற்காகவே சிலர் விடுமுறை நாளில்கூட மருந்து சுற்றிய காகிதத்தில் ஒரு துண்டைக் கிழித்து முண்டாசில் செருகிக்கொண்டு திரிவார்களாம், பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று. உன் வீட்டுக்காரரும் அப்படித்தான் திரிந்தார். நம் கொட்டாய்ப் பிள்ளைகளுக்கும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. அம்மா மடியில் கிடப்பார்கள். திங்கட்கிழமை மறுபடி பெட்டி.

நீ எழுந்து ஒரு பெட்டியைக் காலி செய்து, அதற்குள் தலையை நுழைத்துக் குப்புறப் படுத்தாய். பார்க்கச் சிரிப்பாக இருந்தது. நான் சிரிக்கவும் செய்தேன். கொஞ்ச நேரம் கழித்து நீ தலையைத் தூக்கியபோது முகம் ரத்தமாய்ச் சிவந்திருந்தது. வெளியே ஓடிப் போய் வாந்தி எடுத்தாய். திரும்பி வந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, அங்கிருந்த பெட்டிகளை எல்லாம் ஒரு பார்வை பார்த்தாய். "மூட்டப்பூச்சிக்கே ஒத்துக்காத பலகையில புள்ளையப் படுக்கப் போட்டுக்கீறமே, நமக்கெல்லாம் இன்னா அறிவுடி இது" என்றாய். அன்றைக்கே பிள்ளைகளைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பாயில் போட்டோம்.

மேஸ்திரி கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தான். மருந்து கீழே ஷாஃப்டில் வெடித்துப் போயாச்சு, வெறும் பலகை என்ன செய்யும் என்றான். நாம் அதோடு விடவில்லை. வீட்டில் பெட்டி வைத்திருந்த ஒவ்வொரு தாயிடமும் சொன்னோம். தலையை ஆட்டினார்கள். வீட்டுக்குப் போய்ப் பிள்ளையை அதே பெட்டியில்தான் படுக்கவைத்தார்கள். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிகிறது. வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்கிறவர்களோடு சண்டையாவது போடலாம். ஆட்டிவிட்டுப் போகிறவர்களை என்ன செய்வது?

அஞ்சலையும் தலையை ஆட்டினாள். அவளுடைய முதல் பிள்ளை, பெண் குழந்தை, வீட்டில் ராத்திரி பூராவும் அலறிற்று. காலையில் வேலைக்குப் போகவேண்டியவள். அழுகையை அடக்க அபினை உரைத்து நாக்கில் தடவினாள். இங்கே பாதித் தாய்மார் செய்கிறதுதான், புதிதில்லை. அன்று காலை பிள்ளையை நம் கையில் கொடுக்கும்போது தடவியதைச் சொல்லவில்லை. "நல்லா தூங்கறா, எழுப்பாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். நாமும் எழுப்பவில்லை. தூங்கட்டும் என்று விட்டோம். பால் நேரத்தில் நீ தூக்கினாய். தூக்கின கையிலேயே உனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பிள்ளையை மாரோடு சேர்த்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய்.

நான் அஞ்சலையைத் திட்டினேன். கொலைகாரி என்றேன். நீதான் என்னைத் தடுத்தாய்.

"அவள ஏண்டி திட்ற? அழுவாம இருக்கணும்னு குடுத்தா. எதனால அழுவுதுன்னு அவளுக்குத் தெரிஞ்சாதான?"

"நாம சொன்னமே!"

"நாம சொன்னோம். மேஸ்திரி சிரிச்சான். நம்ம சொல்லவுட அவன் சிரிப்புதான் அவ காதுல வுழுந்துச்சி."

பாதிரியார் விசாரிக்க வந்தபோது, ஆண்டவருடைய சித்தம் என்றார். மேஸ்திரியுடைய சித்தம் ஐயா என்றேன். அவர் அதற்குப் பிறகு வெகு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. போகட்டும்.

அந்தச் சாவுக்குப் பிறகு நீ வேறு ஆளாகிவிட்டாய். வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் முகர்ந்து பார்த்துத்தான் வாங்கினாய். முதலில் தலை, பிறகு வாய். "ராத்திரி இன்னா குடுத்த? எத்தினி தபா குடுத்த? எதுல படுக்க வெச்ச?" பதில் சொல்லாமல் யாரும் பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியாது. அபின் வாடை வந்தால் அந்தப் பிள்ளை உன் மடியை விட்டு இறங்காது. கன்னத்தைத் தட்டித் தட்டி விழிக்கவைத்துக்கொண்டே இருப்பாய். தரையில் தேள் வருகிறது, பாயும் ஆகாது, தூளிதான் கட்டவேண்டும் என்று மேஸ்திரியிடம் ஒரு உத்தரக் கட்டை கேட்டாய். மரம் இல்லை என்றான். நீ நேரே ஷாஃப்டில் முட்டுக்கால் போடுகிற ஆசாரிகளிடம் போனாய். அங்கே என்ன பேசினாயோ, எவனை என்ன திட்டினாயோ, ஓய்வு நாளில் நாலு பேர் கழித்துப்போட்ட மரம் ஒன்றைத் தோளில் சுமந்துவந்து கொட்டாயின் குறுக்கே ஏற்றிவிட்டுப் போனார்கள். பழைய புடவைகளை அதில் கட்டி, பிள்ளைகளைப் போட்டு, அன்று மத்தியானம் முதல் முறையாகக் கொட்டாயில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் தூங்கின. நாம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தோம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நீ நிறுத்துகிற ஆளா? லைன் லைனாகப் போய், பிள்ளை படுக்கிற பெட்டிகளை எல்லாம் கேட்டு வாங்க ஆரம்பித்தாய். கொடுத்தவர்களும் உண்டு, கதவைச் சாத்தியவர்களும் உண்டு. செத்த பிள்ளை படுத்த பெட்டி வீட்டில் வேண்டாம் என்று அஞ்சலை தன் பெட்டியைத் தானே கொண்டுவந்து போட்டாள். தங்கம் எடுத்துவிட்டுக் கொட்டின சயனைடு மண் மேட்டுக்கு அப்பால் இருந்த பொட்டலில் பெட்டிகளைச் சேர்த்தாய். எரிப்பதற்கு நீயே ஒரு முறை வைத்திருந்தாய். முதலில் உள்ளே ஒட்டின காகிதத்தை உரிக்க வேண்டும். அடியில் குச்சி எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றாக, தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். நீளமான மூங்கிலில் துணி சுற்றித் தூர நின்று கொளுத்த வேண்டும். உன் வீட்டுக்காரர் கிடங்கில் பார்த்துவிட்டு வந்து சொன்னது. முதல் தடவை அப்படியே செய்தாய். அடுத்த தடவையும் அப்படியே செய்தாய்.

கடைசித் தடவை மேஸ்திரி ஆட்களோடு வந்தான். பெட்டிகள் கம்பெனிச் சொத்து, திருடிவிட்டாள் என்று தூரத்திலிருந்தே கத்திக்கொண்டு வந்தான். எரிக்கச் சொல்லி அவனிடம் விட்ட பெட்டி, அவன் விற்ற பெட்டி, அவை அன்றைக்குக் கம்பெனிச் சொத்தாகிவிட்டன! பிடுங்கிக்கொண்டு போனால் மறுபடி வீடு வீடாக விற்பான், மறுபடி ஒரு பிள்ளை என்று உனக்குத் தோன்றியிருக்கும். நான் பெண்களோடு தள்ளி நின்றுகொண்டிருந்தேன். "எல்லாம் தூரப் போங்க" என்று நீ எங்களைப் பார்த்துக் கையை வீசினது தெரிந்தது. காகிதத்தை உரிக்கவில்லை. சாய்த்துப் பார்க்கவில்லை. குவியலாகக் கிடந்ததை அப்படியே கொளுத்தினாய், கையெட்டும் தூரத்தில் நின்று.

எந்தப் பெட்டியின் அடியிலோ ஒரு குச்சி இருந்திருக்கிறது.

மேஸ்திரிக்கு ஒரு கீறல்கூட இல்லை. சத்தத்தில் குப்புற விழுந்தவன் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தான். உன்னை நாங்கள் உன் புடவையிலேயே சுற்றிக் கொண்டுவந்தோம். அதற்குமேல் அதை எழுத என்னால் ஆகாது.

ஏன் அவசரப்பட்டாய்? இதைக் கேட்கத்தான் இத்தனை நாளாகக் காத்திருக்கிறேன். கைப்பிள்ளைக்குப் பால் ஆற்றும்போதுகூடப் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்காமல் கொடுக்காதவள் நீ. நான் ஒரு நாள் மறந்துவிட்டேன் என்று என்னோடு சாயங்காலம் வரை பேசாதவள். அந்தப் படுபாவி நாலு சத்தம் போட்டதும் உன் முறையை நீயே விட்டுவிட்டாயே! பிடுங்கிக்கொண்டு போகட்டும் என்று விட்டிருந்தால் மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்து சண்டை போட்டு மீட்டிருக்கலாம். சண்டைக்கு ஆள் வேண்டும். ஆள் போய்விட்டால் சண்டை ஏது? உன்மேல் கோபம் என்றேனே, இதுதான். அவன்மேல் இருக்கிற கோபம் வேறு. உனக்கு நிதானமாகச் செய்ய நேரம் கொடுக்காமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தானே, அது என் நெஞ்சில் ஆறவே ஆறாது.

இதைவிடப் பெரிய கோபம் ஒன்று இருக்கிறது. உன்னைப் புதைத்துவிட்டு வருகிற வழியிலேயே அவன் ஆரம்பித்துவிட்டான். "பாத்தீங்களா? ஊட்ல இருந்த வரிக்கும் பொட்டி சும்மாதான இருந்துச்சி? படுத்தா ஒண்ணியும் பண்ணாது. எரிச்சாதான் ஆபத்து." அதை எல்லாரும் நம்பினார்கள்! நீ செத்ததிலிருந்து இந்த லைன் கற்றுக்கொண்ட பாடம் அதுதான். பெட்டியை எரிக்காதே. பத்திரமாக வீட்டுக்குள் வைத்துக்கொள். பிள்ளையைப் படுக்கப் போடு. எந்தப் பெட்டிக்காக நீ வெந்தாயோ, அந்தப் பெட்டிக்கு உன் சாவே நற்சாட்சிப் பத்திரம் ஆயிற்று. இதைக் கேட்டுக்கொண்டு நீ எப்படி மண்ணுக்குள் சும்மா கிடக்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை.

உன் வீட்டுக்காரர் இப்போது நந்திதுர்க் சுரங்கத்துக்கு வேலைக்குப் போகிறார். வழியில் பார்த்தால் நின்று பேசுவார். முண்டாசில் காகிதம் செருகுவதை விட்டுவிட்டார். மேஸ்திரிக்கு என்ன குறை? வேலையை விட்டுவிட்டு ராபர்ட்சன்பேட்டையில் கடை போட்டிருக்கிறான். பெட்டிகளுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்து, கீழே வளைந்த கட்டை வைத்து ஆடுகிற மாதிரி செய்து, தொட்டில் என்றே விற்கிறான்.

அதில் ஒன்றைத்தான் இன்று காலை அஞ்சலை சுமந்து வந்தாள்.

பிள்ளையை வாங்கினேன். தலையை முகர்ந்தேன். முடியெல்லாம் அந்தத் தித்திப்பு. உச்சிக்குழியில் கையை வைத்தேன், உள்ளே சின்னச் சுத்தியல் அடிப்பதுபோலத் துடித்தது.

"எப்போலேருந்து இதுல படுக்கறான்?"

"ரெண்டு மூணு நாளாதாங்க்கா. ஒரே அழுவ. ஆனா அபின் குடுக்கலக்கா, மாரியாத்தா மேல சத்தியமா ஒரு பொட்டு குடுக்கல. பெரிய பொண்ணு அபின்னாலதான செத்துச்சி? அத்த நான் மறப்பனா?"

பாவி மகள் பாதிப் பாடத்தை ஒழுங்காகப் படித்திருக்கிறாள். அவளுடைய கண்ணைப் பார்த்தபோது எனக்குத் திட்ட வரவில்லை. பெட்டியை வாங்கிக் கீழே வைத்து, இதை எரிக்கப்போகிறேன் என்றேன். வாசலில் நின்ற பெண்கள் எல்லாரும் ஒரே குரலாக அலறினார்கள். "வாணாங்க்கா! வெடிக்கும்! அந்தக்கா செத்த மாதிரி ஆயிடும்! ஊட்டுக்கே எடுத்தும் போவட்டும், வுட்டுடுங்க!" வீட்டுக்கு எடுத்துப் போனால் என்ன ஆகும்? இன்று ராத்திரி அவன் அதில்தான் படுப்பான். அழுவான். நாளைக்கோ மறுநாளோ தூக்கம் கெட்ட தாயின் கை அபின் டப்பாவைத் தேடும். கொட்டாயில் என் கண்ணுக்கு முன்னால் இருக்கும்வரை நான் காப்பாற்றுவேன். சங்கு ஊதி அவர்கள் வீட்டுக்குப் போன பிறகு யார் காப்பாற்றுவது?

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயம். நீ போன பிறகு நான் ஒரு பெட்டியைக்கூடக் கொளுத்தியதில்லை. வாங்கி வாங்கிப் பொட்டலில் குழி தோண்டிப் புதைத்தேன். எரித்தால்தான் ஆபத்து என்று ஊர் நம்புகிற பொய்க்கு நானும் குழி தோண்டித் தோண்டிச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தேன் என்று இன்று காலைதான் உறைத்தது. கொட்டாயை உனக்குப் பிறகு வேலைக்கு வந்தவளிடம் ஒப்படைத்துவிட்டு, பிள்ளையை அஞ்சலையிடமே கொடுத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதே பொட்டலுக்கு நடந்தேன். வேலைக்குப் போகவேண்டிய பெண்கள் போகாமல் என் பின்னால் வந்தார்கள்.

உள்ளே ஒட்டியிருந்த சீட்டித் துணியைக் கிழித்தேன். காகிதத்தை உரித்தேன். வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். குச்சி இல்லை. அடிப்பலகையில் எண்ணெய்த் திட்டு ஒன்று உள்ளங்கை அகலத்துக்கு ஊறியிருந்தது. பிள்ளையின் தலை படுகிற இடத்தில்தான். அஞ்சலையைக் கூப்பிட்டு முகரச் சொன்னேன். குனிந்து முகர்ந்தாள். பிறகு பிள்ளையின் தலையை முகர்ந்தாள். மறுபடி பெட்டியை முகர்ந்தாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"பெரிசு தலையிலயும் இதே வாசனதாங்க்கா" என்றாள். "எண்ண வாசனன்னு நெனச்சேன்." என் பக்கம் திரும்பினாள். "அப்போ அபின் இல்லியா?"

"அபினும்தாண்டி. இது அழவச்சுது, அது அடக்குச்சி. ரெண்டும் சேந்துதான்."

மூங்கிலை என் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தாள். "குடுக்கா, நான் கொளுத்தறேன்." பிள்ளையோடு தூரப் போய் நில் என்று விரட்டினேன். எல்லாரையும் மண் மேட்டுக்குப் பின்னால் போகச் சொன்னேன். எட்டின மட்டும் மூங்கிலை நீட்டினேன். இரண்டு தடவை தீ பிடிக்கவில்லை. மூன்றாவது தடவை பெயின்ட் சடசடவென்று பிடித்துக்கொண்டது. மூங்கிலைப் போட்டுவிட்டு நானும் ஓடினேன்.

பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். பச்சை கருகிற்று. பலகை எரிந்தது. நாலு பக்கமும் சாய்ந்து விழுந்தது. கரியாகி, சாம்பலாகி, காற்றில் பறந்தது. வெடிக்கவில்லை. சத்தமே வரவில்லை. ஒவ்வொருத்தியாகக் காதிலிருந்து கையை எடுத்தார்கள். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது, இன்றைக்குக் கூலி பிடிப்பார்கள், ஆனாலும் ஒருத்தியும் ஓடவில்லை. கொட்டாய்க்குத் திரும்பி வருகிற வழியில் ஒருத்தி மட்டும் மெதுவாகக் கேட்டாள், எங்க ஊட்லயும் ஒண்ணு கீதுக்கா, நாளைக்குக் கொண்ணாரட்டுமா என்று. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி.

நீயும் உரித்துப் பார்த்திருந்தால் அன்றைக்கும் இப்படித்தான் ஆகியிருக்கும். சத்தம் இல்லாமல் எரிந்து போயிருக்கும். நாம் இரண்டு பேரும் திரும்பி வந்து பாலாடை கழுவியிருப்போம். அதை நினைத்துத்தான் அங்கே நின்று அழுதேன். வெடித்துவிடும் என்ற பயத்தில் அழுதேன் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

அஞ்சலையின் பிள்ளை இப்போது உன் மரத்தில் கட்டின தூளியில் கிடக்கிறான். தலையைக் கழுவி விட்டிருக்கிறேன். மத்தியானம் அழுதான், பசி அழுகை. அவன் அம்மா ஓடி வந்தாள். நான் சொல்வதற்கு முன்பே கையைக் கழுவினாள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லாரும் ராபர்ட்சன்பேட்டைக்குப் போகிறோம், மேஸ்திரி கடை வாசலுக்கு. கையில் பிள்ளைகளோடு போய் நின்று, ஒவ்வொரு தொட்டிலாகச் சாய்த்து, அடியில் ஊறியிருக்கிற எண்ணெயைக் கடைக்கு வருகிறவர்களிடம் முகரச் சொல்லப்போகிறோம். அவன் சத்தம் போடுவான். போடட்டும். இந்த முறை அவசரப்படமாட்டோம்.

என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. அதைத் தீர்த்துக்கொள்ளும் உத்தேசம் எனக்கு இல்லை. நாளைக் காலையும் சங்கு ஊதும். நான் வாசலில் நிற்பேன். முதலில் தலை, பிறகு வாய், பிறகு மூன்று கேள்வி. பதில் வராமல் எந்தப் பிள்ளையையும் உள்ளே வாங்கமாட்டேன். நாய் மாதிரி மோப்பம் பிடிக்கிறாள் என்று எனக்குப் பின்னால் பேசிக்கொள்கிறார்களாம். உன்னையும் அப்படித்தான் பேசினார்கள்.